நாற்பது வேலியை அறுத்த பூதங்களுக்குக் கூலி கொடுத்தது யார்?

"எதுக்கெடுத்தாலும் சாதியா தோழர்? மந்திரவாதியும் டிராகனும் வர்ற கதையிலகூடவா?"

திருவாரூரில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்த நாட்களில், இந்த முறை மிகுபுனைவு நாவல்கள் படிப்போம் என்று முடிவானது. பொன்னியின் செல்வன், மெலூஹாவின் அமரர்கள், ஹாரி பாட்டர் வரிசை, அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்.கே.ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்'. இரண்டு மாதம் இவற்றோடுதான் தூங்கி எழுந்தேன். கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் ஓர் இளம் தோழர் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அவர் நல்ல வாசகர், நம் நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வருகிறவர். அதனால்தான் அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துபோக மனம் வரவில்லை.

என் பதில் இதுதான்: டிராகன் வருகிற கதையில்தான் முதலில் சாதியைத் தேட வேண்டும்.

யதார்த்த நாவல் எழுதுகிறவருக்கு ஒரு சாக்கு உண்டு. 'ஊர் இப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?' என்று கையை விரித்துவிடலாம். மிகுபுனைவு எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர் மலையைப் பறக்க வைக்கலாம், செத்தவரை எழுப்பலாம், வானத்துக்கு இரண்டு நிலா மாட்டலாம். எல்லாவற்றையும் மாற்றுகிற உரிமை கையில் இருந்தும் ஒருவர் எதை மாற்றாமல் விடுகிறார் என்று பாருங்கள். அதை அவர் மாற்றவே முடியாத இயற்கை என்று நம்புகிறார். நம் எழுத்தாளர்களின் கற்பனைக் குதிரை எங்கே போய் முரண்டுபிடித்து நிற்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அது சேரியின் எல்லையாக இருக்கிறது.

இரத்தம் காட்டிக்கொடுக்கும் அரண்மனை

பொன்னியின் செல்வனில் தொடங்குகிறேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த கதை. 2022, 2023இல் இரண்டு பாகங்களாகத் திரைப்படம் வந்த பிறகு, என் வயதுக்காரர்கள் பலர் அதை வரலாறு என்றே நம்புகிறார்கள். ஐப்பசி சதயத்தன்று இராசராசனைத் 'தங்கள் ஆள்' என்று சொல்லி எத்தனை சாதிச் சங்கங்கள் சுவரொட்டி அடிக்கின்றன என்று டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் அந்த நாவல் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. அத்தனை பக்கத்தையும் விடாமல் படிக்க வைக்கிற ஓட்டம் கல்கியிடம் இருக்கிறது. ஆனால் கதையின் கடைசி முடிச்சை யோசித்துப் பாருங்கள். அரண்மனையில் இளவரசனாக வளர்ந்த மதுராந்தகன் அரியணைக்கு அலைகிறவன், கோழை. தஞ்சையில் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் வாய்பேசாத ஒரு பெண்ணின் குடிசையில் வளர்ந்த சேந்தன் அமுதன் சாந்தமானவன், பக்திமான். கடைசியில் என்ன தெரியவருகிறது? குழந்தைகள் மாறிவிட்டன. குடிசையில் வளர்ந்தவனே உண்மையான சோழ இரத்தம். அரண்மனையில் வளர்ந்தவன் அந்த இரத்தம் இல்லை.

ஒரு பூக்காரன் அரசனாகிறான் என்று நாம் மகிழக்கூடிய கதை, அவன் பூக்காரனே இல்லை என்று சொல்லித்தான் முடிகிறது. வளர்ப்பு, கல்வி, சூழல் எதற்கும் வேலை இல்லை. குடிசையில் போட்டாலும் இரத்தம் தன் நல்ல குணத்தைக் காட்டிவிடும், அரண்மனையில் வைத்தாலும் காட்டாமல் விடாது. இதைச் சொல்வதற்குப் பல்லாயிரம் வாசகர்களை மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் காத்திருக்க வைத்திருக்கிறார்கள்.

'அந்தக் காலம் அப்படி, கதையைக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்' என்பார்கள். சரி, காலத்தோடு வைத்தே பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனே வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. சுடுகாடுகூட இரண்டு, ஒன்று பறைச்சுடுகாடு. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசனின் கணக்குப்பிள்ளை மறக்காமல் பதிவு செய்த அந்தச் சேரியிலிருந்து, கதையை ஓர் அங்குலம் நகர்த்துகிற ஒரு மனிதர்கூட நாவலுக்குள் வரவில்லை. வயல் வரும், ஆறு வரும், ஆடிப்பெருக்கு வரும். நாற்று நடுகிறவருக்குப் பெயர் வராது.

வரலாறு என்றால் சேரி எங்கே? கற்பனை என்றால் இரத்தப் பெருமை எதற்கு? இரண்டில் ஒரு கேள்விக்காவது பதில் வேண்டும் இல்லையா?

இன்னொன்றும் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று உடன்பிறந்தவர்களின் பெயர்கள் வருகின்றன. அதில் இரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் 'பிரமாதிராஜன்' என்ற பட்டம் இருக்கிறது, பிராமண அதிகாரிகளுக்குச் சோழர் கொடுத்த பட்டம் அது. கல்கியின் நாவலில் அந்த இரவிதாசன் மந்திரவாதியாக, இருட்டில் ஆந்தை போல் அலறிக்கொண்டு வருகிறான். கல்வெட்டில் அதிகாரி, கதையில் மந்திரவாதி. மிகுபுனைவு எந்த இடத்தில் எதற்காகப் புகுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பதினைந்து வயதில் ஒரே ஒரு தேர்வு

அமிஷ் திரிபாதியின் மெலூஹாவுக்கு வருவோம். 2010இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. சிவன் திபெத்திலிருந்து வந்த ஒரு மலைவாசித் தலைவன், மெலூஹா சிந்துவெளி நாடு. நல்ல கற்பனைதான். ஆனால் அந்த நாட்டில் வருணம் இருக்கிறது. எப்படி என்றால், பிறக்கும் குழந்தைகளை எல்லாம் பெற்றோரிடமிருந்து பிரித்து மைகா என்ற இடத்தில் ஒன்றாக வளர்ப்பார்கள். பதினைந்து வயதில் ஒரு தேர்வு. அதை வைத்து இவன் பிராமணன், இவன் சத்திரியன், இவன் வைசியன், இவன் சூத்திரன் என்று முடிவு செய்து, அந்தந்த வருணப் பெற்றோருக்குத் தத்துக் கொடுப்பார்கள். ஏற்பாட்டைச் செய்தவர் இராமர்.

பிறப்பால் இல்லை, தகுதியால்தான் வருணம். கேட்க நன்றாக இருக்கிறதே என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். ஒரே தேர்வில் ஒரு குழந்தையின் தலையெழுத்தை எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையை நீட் நமக்குப் பழக்கிவிட்டதால் மைகா நமக்கு விசித்திரமாகக்கூடத் தெரிவதில்லை.

இது புதிய கற்பனையும் கிடையாது. ஆரிய சமாஜத்தார் நூறு ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிற வாதம். 1936இல் லாகூர் மாநாட்டில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட உரையில், 'சாதி ஒழிப்பு' நூலில், அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார். தகுதிதான் அளவுகோல் என்றால் பிராமணன், சூத்திரன் என்ற நாறிப்போன பெயர்ப் பலகைகளை ஏன் விடாமல் பிடித்திருக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அந்தப் பெயர்களைச் சொன்னதும் மனதில் எழுவது பிறப்பின் உயர்வு தாழ்வுதானே? அடுத்து இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்: நான்கு வருணத்தை அதனதன் எல்லைக்குள் நிறுத்த எப்போதும் ஒரு வாள் தேவைப்படும், சம்பூகனின் தலை ஏன் உருண்டது என்று நினைக்கிறீர்கள்? மெலூஹாவில் இராமர் இருக்கிறார், இராமரின் சட்டம் இருக்கிறது, சம்பூகன் மட்டும் இல்லை.

அந்த நாட்டில் தீண்டத்தகாதவர்களும் உண்டு. விகர்மர்கள் என்று பெயர். முற்பிறவிப் பாவத்தால் இப்பிறவியில் துன்பப்படுகிறவர்களாம், தொட்டால் சுத்திகரிப்புச் சடங்கு செய்ய வேண்டுமாம். நாயகன் சிவன் இதை எதிர்க்கிறான், சட்டத்தை நீக்கவும் வைக்கிறான். முற்போக்குதானே என்று கேட்கலாம். ஆனால் நாம் நெருங்கிப் பார்க்கும் விகர்மர் யார் என்று பாருங்கள்: சக்கரவர்த்தியின் மகள் சதி! இறந்தே பிறந்த குழந்தையைப் பெற்றதால் விகர்மர் ஆனவள். தீண்டாமையின் வலியை வாசகருக்கு உணர்த்த ஓர் இளவரசி தேவைப்படுகிறாள். நாயகனுக்கு அவள்மேல் காதல் வர வேண்டியிருக்கிறது. மற்ற விகர்மர்கள் என்ன செய்கிறார்கள்? போரில் தனிப் படைப்பிரிவாக நின்று தங்கள் நாட்டுப்பற்றைச் சாவினால் நிரூபிக்க முன்வருகிறார்கள். தங்களுக்காக அவர்கள் ஒரு கூட்டம் போடவில்லை, ஒரு கோரிக்கை வைக்கவில்லை. விடுதலை மேலிருந்து நீலகண்டன் கருணையாய் இறங்கி வருகிறது.

துணி கொடுத்தால் விடுதலை

'இது இந்துத்துவ எழுத்து, அதனால் இப்படி' என்று நீங்கள் முடிவுகட்டும் முன்பு ஹாரி பாட்டரைச் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவயதில் படம் மட்டும் பார்த்தவன், இப்போதுதான் ஏழு நூல்களையும் படித்தேன். இரத்தத் தூய்மை பேசுகிற வில்லனுக்கு எதிரான கதை அது. மந்திரவாதிக் குடும்பத்தில் பிறக்காத ஹெர்மியோனியை இழிசொல்லால் திட்டும் இடம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் கேட்ட சொல் அது!

ஆனால் அதே பள்ளியில் தினமும் மேசையில் விருந்து தானாகத் தோன்றுகிறது. சமைப்பவர்கள் கீழே, கண்ணுக்குத் தெரியாத சமையற்கட்டில் இருக்கிறார்கள். வீட்டு எல்ஃப்கள். கூலி கிடையாது, விடுப்பு கிடையாது, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு அடிமை. நான்காம் நூலில் ஹெர்மியோனி அவர்களுக்காக ஓர் அமைப்புத் தொடங்குகிறாள். அதன் சுருக்கப் பெயர் ஆங்கிலத்தில் 'வாந்தி' என்று பொருள்படும்படி ஆசிரியர் வைத்திருக்கிறார். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நல்லவரான ஹாக்ரிட்டே, 'அவர்களுக்கு உழைக்கத்தான் பிடிக்கும், விடுதலை செய்வது கருணை ஆகாது' என்கிற மாதிரி பேசுகிறார். ஏழாம் நூலில் மாபெரும் போர் முடிந்து, இரத்தவெறியன் வீழ்ந்த அன்று நாயகன் கடைசியாக நினைப்பது, தன் எல்ஃப் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று!

'அவங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு.' டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்த வரி புதிதா? பண்ணையாள்களைப் பற்றி மிராசுதார் வீட்டுத் திண்ணைகளில் பேசிய அதே வரிதானே இது? 1940களில் பி.சீனிவாசராவும் தோழர்களும் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து இந்தப் பகுதியில் சங்கம் கட்டியபோது, 'ஒழுங்காக இருந்த ஆள்களைக் கெடுக்கிறார்கள்' என்றுதான் சொன்னார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது எந்த மந்திரக்கோலாலும் இல்லை. செங்கொடியின் கீழ் நின்றவர்கள் அடிபட்டு வாங்கியது அது.

கதையில் எஜமான் ஒரு துணியைக் கொடுத்தால் எல்ஃப் விடுதலையாகிவிடும். டாபி ஒரு காலுறையால் விடுதலை ஆகிறான். எங்கள் ஊரில் அது தலைகீழ். பண்டிகைக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை கொடுத்து, அதைக் காட்டியே அடுத்த ஆண்டு முழுக்க ஆளைக் கட்டிப்போட்டார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பூமியைத் தாங்குகிறவர்கள்

அப்படியென்றால் மிகுபுனைவையே தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. ஜெமிசினைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அவர் படைத்த உலகில் நிலம் ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அடக்கும் ஆற்றலோடு சிலர் பிறக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நகரமும் நிற்காது. ஆனால் அவர்களுக்குத்தான் இழிபெயர், அவர்களைத்தான் ஊரார் அடித்துக் கொல்கிறார்கள், பெற்ற தகப்பனே கொல்கிறான். பிடித்துப்போய் ஒரு நிறுவனத்தில் பழக்கி, காவலர்களின் கண்பார்வையில் வேலை வாங்குகிறார்கள். ஓர் இடத்தில், நில அதிர்வை அடக்கும் நிலையம் ஒன்றுக்குள் போகிறோம். அங்கே ஒரு குழந்தையை நாற்காலியில் கம்பிகளால் கட்டி, சிந்தனையை அழித்து, ஆற்றலை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்குப் பிறகு அன்றிரவு என்னால் படிக்க முடியவில்லை.

உலகம் யார் முதுகில் நிற்கிறதோ அவர்களையே உலகம் தீட்டு என்கிறது. இதைக் காட்ட ஜெமிசின் யதார்த்தத்தை விட்டு வெகுதூரம் போனார். போனதால்தான் வாசகர்கள் எந்தத் தற்காப்பும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்தில் சாதி என்ற சொல்லைக் கேட்டாலே நெளிகிற ஒரு நண்பர் இந்த நாவலைப் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார். இந்த முந்நூலின் மூன்று பகுதிகளுக்கும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஹ்யூகோ விருது கிடைத்தது. அதற்கு முன்பு வேறு யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊரின் மிகுபுனைவு

மிகுபுனைவு நமக்கு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நான் வசிக்கும் ஊரே ஒரு மிகுபுனைவின் மேல்தான் பெருமை கொண்டாடுகிறது. தேர்க்காலில் கன்று செத்தது, பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான், கடைசியில் சிவன் தோன்றி எல்லாரையும் எழுப்பினான். மனுநீதிச் சோழன். கல்லில் செய்த தேர் கோயிலருகே நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த அரசனுக்குச் சிலை இருக்கிறது. மக்கள் மனு கொடுக்கும் அரசு முகாமுக்குக்கூட 'மனுநீதி நாள்' என்றுதான் பெயர். நீதி என்ற சொல்லோடு மனு என்ற பெயரை ஒட்டவைக்க இதைவிடப் பெரிய மந்திரம் வேண்டுமா?

அந்தத் தேர் நிற்கும் இடத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கீழவெண்மணி வந்துவிடும். 1968 டிசம்பர் 25. கூலியைக் கூட்டிக் கேட்டவர்கள், சங்கத்தில் சேர்ந்தவர்கள், ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பணக்கார நிலவுடைமையாளர்கள் தாங்களே நேரில் போய் வீட்டுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்படச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பசு மணி அடித்ததை நம்புகிற நாட்டில், மிராசுதார் தீ வைத்ததை நம்புவது கடினமாக இருந்திருக்கிறது. யதார்த்தம் எது, மிகுபுனைவு எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கதை நந்தன். பெரியபுராணத்தில் அவர் தில்லையில் தீக்குள் இறங்கிப் பூணூலோடு எழுகிறார். 19ஆம் நூற்றாண்டில் இதே காவிரிக்கரையின் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதைக்குள் ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். தில்லைக்குப் போக வேண்டுமென்றால் நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். நந்தன் கண்மூடிக் கிடக்க, சிவனருளால் பூதகணங்கள் வந்து ஒரே இரவில் வேலையை முடித்து, விடியும்போது நெல் விளைந்து நிற்கிறது.

சிறுவயதில் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. இருநூற்று அறுபது ஏக்கர் அளவுக்கு நாற்று விட்டு, நாற்றுப் பறித்து, முடி கட்டி, சேற்றில் குனிந்து நட்டு, களை எடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கி, களத்தில் அடிக்க எத்தனை நூறு உடல்கள் வேண்டும் என்று அந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த உடல்களை ஒரு நொடியில் மறைத்துவிட்டுப் பூதங்களை வைத்தது கதை. வேதியர் நந்தனின் காலில் விழுந்தார், சரி. நிலம் யார் பெயரில் இருந்தது? வேதியர் பெயரிலேயே இருந்தது. இன்று எங்கள் வயல்களில் நடவுக்கு வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பெயரும் யாருக்கும் தெரியாது. 'ரெண்டே நாள்ல நட்டு முடிச்சிட்டாங்க' என்று பூதங்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறோம்.

ஆகவே தோழரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதையைக் கதையாகப் படியுங்கள் என்கிறீர்கள். நான் கதையாகத்தான் படிக்கிறேன். எந்தப் புத்தகத்தையும் எரிக்கவோ தடை செய்யவோ நான் கேட்கவில்லை. தடை செய்கிற வேலையை மறுபக்கம் பார்த்துக்கொள்கிறது: பெரியாரின் இராமாயண ஆய்வின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப்பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது, அதை நீக்க 1976இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு மாய உலகத்துக்குள் நுழையும்போது, அரண்மனையைப் பார்த்து வாய்பிளக்கும் முன் அங்கே சோறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதை நட்டவருக்குப் பெயர் இருக்கிறதா? அவருக்கு ஏதாவது ஆசை இருக்கிறதா? நாயகனின் கருணைக்காகக் காத்திருக்காமல் அவர் கதையில் எதையாவது செய்கிறாரா?

அப்படிப்பட்ட கதைகள் வரத் தொடங்கிவிட்டன. மிமி மண்டல் என்ற தலித் பெண் எழுத்தாளர் ஆங்கில மிகுபுனைவில் உலகம் அறிந்த பெயராகிவிட்டார். சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிபுனைக் கதைகளுக்கென்றே ஒரு தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் நாம் இன்னும் யதார்த்தத்தின் வாசலிலேயே நிற்கிறோம். நம் வலியை எழுதினோம், அது தேவை, இன்னும் எழுதுவோம். ஆனால் கற்பனையை ஏன் அவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டும்?

எனக்கு ஒரு கதை மனதில் ஓடுகிறது. எழுதத் தெரியவில்லை, யாராவது எழுதுங்கள். நாற்பது வேலியும் முடிந்துவிட்டது. கிழக்கு வெளுக்கிறது. வேதியர் வந்து பார்த்துவிட்டு மூர்ச்சையாகி விழுவதற்கு முன்பு, களத்து மேட்டில் சேறு காயாத காலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பூதங்களைப் பார்க்கிறார். போகாமல் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

முன்வரிசையில் இருக்கும் பூதம் எழுந்து சொல்கிறது: "கூலி பேசணும். அரைப்படி சேர்த்து."